ரயில் பாதையில் ஒன்பது ஒப்பந்தம்: கோர்ட்டுக்குப் போனால் நிரந்தரமாகுமா?

தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். மகனுக்கு 27 வயது. 2021 ஜூனிலிருந்து ரயில் பாதை வேலை: ஜல்லி போடுவது, ஸ்லீப்பர் மாற்றுவது, பாதையோரப் புதர் வெட்டுவது. ஆளெடுத்தது ஒரு லேபர் புரோக்கர். ஆறு மாதத்துக்கு ஒரு ஒப்பந்தம். ஒன்று முடிந்தால் நாலைந்து நாள் வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு அடுத்ததில் கையெழுத்து வாங்குவார்கள். இப்போது ஓடுவது ஒன்பதாவது. இந்த ஜூன் 5-ல் கையெழுத்தானது, நவம்பர் 30-ல் முடிகிறது. மாதம் 11,400 ரேண்ட், ஓவர்டைம் தனி. திருச்சி பொன்மலையில் ரயில்வேயில் ஓய்வு பெற்ற சொந்தக்காரர் ஒருவர், "240 நாள் வேலை பார்த்தாலே நிரந்தரம், ஹைகோர்ட்டில் ஒரு ரிட் போடச் சொல்" என்று வாட்ஸ்அப்பில் சொல்லியிருக்கிறாராம். போடலாமா, வக்கீலுக்கு எவ்வளவு ஆகும் என்பது கேள்வி.

ரிட் போடாதீர்கள், அம்மா. ஹைகோர்ட் பக்கமே போக வேண்டாம். வக்கீலும் இப்போதைக்குத் தேவையில்லை. தம்பிக்கு வழக்கு இருக்கிறது, நல்ல வழக்குதான். 240 நாள்கூட வேண்டாம், இந்த நாட்டில் மூன்று மாதம் தாண்டினாலே சட்டம் பேச ஆரம்பித்துவிடும். எனக்குக் கவலை தேதியைப் பற்றித்தான். அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் வக்கீல் இல்லை. டர்பன் துறைமுகப் பக்கம் 28 ஆண்டு வேலை பார்த்தேன், அதில் 17 ஆண்டு ஷாப் ஸ்டூவர்ட், அதாவது வேலையிடத்தில் சங்கப் பிரதிநிதி. வேலைத் தகராறுகளைத் தீர்க்கும் சி.சி.எம்.ஏ. ஆணையத்தின் படிக்கட்டில் ஏறி இறங்கிக் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன்.

பொன்மலைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் பார்த்த உலகம் அது. 240 என்பது இந்தியாவின் 1947-ம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தில் பிறந்த எண். ஒரு வருடத்தில் 240 நாள் வேலை செய்தவனை ஓர் ஆண்டு தொடர்ந்து வேலை செய்தவனாகக் கணக்கில் எடுக்க வேண்டும்; அவனை நிறுத்துவதென்றால் ஒரு மாத நோட்டீஸும், ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் வீதம் இழப்பீடும் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். நிரந்தரம் என்ற பேச்சு அதில் கிடையாது. தமிழ்நாட்டில் 1981-ல் வந்த ஒரு மாநிலச் சட்டம் இருக்கிறது. அது 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்கச் சொல்கிறது. இந்த இரண்டு எண்ணும் டீக்கடையில் கலந்து "240 நாள் ஆனால் நிரந்தரம்" என்று ஆகிவிட்டது. கடல் தாண்டி நம் குடும்ப வாட்ஸ்அப்புக்கும் வந்துவிட்டது.

இந்திய ரயில்வேயின் கதை இதைவிடச் சிக்கல். அங்கே 'கேஷுவல் லேபர்' என்று லட்சக்கணக்கில் ஆள் வைத்திருந்த காலம் உண்டு. ஓடும் பாதையில் 120 நாள் தொடர்ந்து வேலை செய்தால் 'தற்காலிக அந்தஸ்து' கிடைக்கும். சம்பள விகிதம், லீவு, பாஸ் எல்லாம் வரும். ஆனால் நிரந்தரமாக வேண்டுமானால் தேர்வுக் குழு முன் நிற்க வேண்டும். புதுப் பாதை போடும் திட்டங்களில் இருந்தவர்களுக்கு அதுகூட இல்லை. ராபர்ட் டிசோசா என்பவர் தெற்கு ரயில்வேயில் இருபது ஆண்டுக்கு மேல் 'தற்காலிகமாகவே' இருந்தார். வேலையிலிருந்து நிறுத்தப்பட்டு உச்ச நீதிமன்றம் போய் 1982-ல் வென்றார். 1985-ல் இந்தர் பால் யாதவ் வழக்கு வந்தபோதுதான், திட்ட வேலையில் 360 நாள் முடித்தவர்களைப் படிப்படியாக எடுத்துக்கொள்ள ரயில்வே ஒரு ஏற்பாடு செய்தது. ரயில் நிலையங்களில் பார்சல் சுமந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள் 1995-லும் 2003-லும் வென்றார்கள். உங்கள் சொந்தக்காரர் அந்தக் காலத்து ஆள். கோர்ட்டுக்குப் போனவர்கள் வேலையோடு திரும்பியதைக் கண்ணால் பார்த்திருப்பார்.

ஆனால் 2006 ஏப்ரல் 10-ல் உச்ச நீதிமன்றத்தில் உமாதேவி வழக்கின் தீர்ப்பு வந்து அந்தக் கதவைப் பாதிக்கு மேல் சாத்திவிட்டது. அரசு வேலை என்றால் எல்லோரும் போட்டி போடும் முறையான தேர்வு வேண்டும். எத்தனை ஆண்டு தற்காலிகமாக இருந்தாலும் அது உரிமை ஆகாது என்று ஐந்து நீதிபதிகள் சொன்னார்கள். அனுமதிக்கப்பட்ட பணியிடத்தில், நீதிமன்ற உத்தரவின் துணை இல்லாமல், பத்தாண்டு தாண்டியவர்களுக்கு மட்டும் ஒருமுறைச் சலுகை. அதற்கப்புறம் அங்கே அதிகாரிகள் எந்த மனு வந்தாலும் உமாதேவியைக் காட்டியே திருப்பி அனுப்பினார்கள். 2024 டிசம்பரில், மத்திய நீர் ஆணையத்தில் துப்புரவும் தோட்ட வேலையும் பல்லாண்டாகச் செய்தவர்களின் வழக்கில், அந்தத் தீர்ப்பைக் கேடயமாக்கித் தொழிலாளியைச் சுரண்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றமே கண்டித்து, அவர்களை முறைப்படுத்தச் சொன்னது. ஆக, அங்கே இன்னும் இழுபறிதான்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், அந்த ஊர் அனுபவம் நம் ஆட்களுக்கு ஒரு தப்பான பழக்கத்தைக் கற்றுக்கொடுக்கிறது. எவ்வளவு காலம் பொறுத்திருக்கிறோமோ அவ்வளவு கேஸ் பலமாகும் என்று நினைக்கிறார்கள். "இன்னும் ஒரு வருஷம் ஓட்டிட்டு கேட்போம் அங்கிள்" என்று என்னிடம் எத்தனையோ பிள்ளைகள் சொல்லியிருக்கிறார்கள். இந்த நாட்டில் அது வேலைக்கு ஆகாது.

ஹைகோர்ட்டை ஏன் விடச் சொல்கிறேன் என்பதற்கு ரயில்வே குடும்பத்திலிருந்தே ஓர் உதாரணம் உண்டு. ரயிலும் துறைமுகமும் நடத்தும் அரசு நிறுவனமான டிரான்ஸ்நெட்டின் ஓய்வூதிய நிதியில் மேலதிகாரியாக இருந்து நீக்கப்பட்ட சிர்வா என்ற பெண்மணி, சி.சி.எம்.ஏ.யில் சமரசம் முறிந்ததும் நடுவர் விசாரணைக்குப் போகாமல் ஹைகோர்ட்டுக்குப் போனார். அரசு நிறுவனம் எடுத்த முடிவு, ஆகவே நிர்வாக நீதி கேட்டு ஹைகோர்ட்டுக்கு வரலாம் என்று வாதம். 2007 நவம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வேலை நீக்கத் தகராறுக்குத் தொழிலாளர் உறவுகள் சட்டம் தனி வழி போட்டு வைத்திருக்கும்போது அதைத் தாண்டிப் போக முடியாது என்றது. இந்தியாவில் ரிட் என்பது சாதாரண மனிதன் கையில் இருக்கும் ஆயுதம். இங்கே வேலைத் தகராறில் அது கைக்காசைக் கரைக்கும் வழி.

சரி, நம் சட்டத்துக்கு வருவோம். 1995-ம் ஆண்டின் தொழிலாளர் உறவுகள் சட்டத்தில் 2015 ஜனவரி 1 முதல் புதிதாகச் சில பிரிவுகள் சேர்ந்தன. தம்பிக்கு வேண்டியவை 198ஏ, 198பி, 198டி என்ற மூன்று.

198பி சொல்வது இது. காலக்கெடு வைத்த ஒப்பந்தம், ஒன்றாக இருந்தாலும் அடுத்தடுத்துப் போட்டதாக இருந்தாலும், மூன்று மாதத்தைத் தாண்டினால் அதற்கு நியாயமான காரணம் இருக்க வேண்டும். காரணம் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். நியாயமானது என்று நிரூபிக்கும் சுமை முதலாளி தலையில். நிரூபிக்க முடியாவிட்டால் அந்த ஒப்பந்தம் காலவரையறை இல்லாத வேலையாகவே கருதப்படும். யாரும் ஆர்டர் போட்டு நிரந்தரமாக்க வேண்டியதில்லை. சட்டமே அப்படிக் கருதிவிடுகிறது. நாம் சி.சி.எம்.ஏ.க்குப் போவது அதை ஒப்புக்கொள்ள வைக்கத்தான்.

இதில் வராதவர்களும் உண்டு. வருட வருமானம் ஒரு வரம்பைத் தாண்டியவர்கள் வர மாட்டார்கள். 2025 ஏப்ரலில் அந்த வரம்பு 261,748 ரேண்ட் 45 சென்டாக இருந்தது. தம்பியின் சம்பளம் வருடத்துக்கு 136,800. ஓவர்டைம் பணத்தை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பதை நினைவில் வையுங்கள். ரயில் பாதை ஆட்களுக்கு ஓவர்டைம் நிறைய வரும், அதையும் கூட்டிக் காட்டி "நீ வரம்பைத் தாண்டிவிட்டாய்" என்று பயம் காட்டுவார்கள். பத்துப் பேருக்குக் குறைவாக வைத்திருக்கும் சின்ன முதலாளிக்கும் இந்தப் பிரிவு பொருந்தாது. இன்னொன்று, தொழிற்சங்கத்தோடு போட்ட கூட்டு ஒப்பந்தமே இந்த மாதிரி வேலைக்கு இடம் கொடுத்திருந்தால் கதை மாறும். டிரான்ஸ்நெட்டுக்கு, சங்கமும் நிர்வாகமும் உட்கார்ந்து பேரம் பேசும் தனிக் கவுன்சில் இருக்கிறது. அங்கே அப்படி ஏதாவது ஒப்பந்தம் உண்டா என்று சங்கக்காரரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். கடைசி நேரத்தில் எதிர்த்தரப்பு அதைப் பையிலிருந்து எடுத்துப் போட்டால் முகம் வெளுத்துவிடும்.

நியாயமான காரணம் என்றால் என்ன? சட்டமே சில உதாரணம் தருகிறது. லீவில் போன ஒருவருக்குப் பதிலாக வந்தவர், 12 மாதத்துக்கு மேல் நீடிக்காத திடீர் வேலைச்சுமை, படித்து முடித்த பிள்ளைக்குப் பயிற்சி, பருவ கால வேலை, அரசின் பொதுப்பணி வேலைத்திட்டம், வெளியார் பணம் கொடுக்கும் பதவி. எல்லாவற்றுக்கும் மேலாக, முதலாளிகள் அடிக்கடி கையில் எடுப்பது 'குறிப்பிட்ட திட்டம்' என்ற காரணத்தை. தம்பியின் வழக்கு நிற்பதும் விழுவதும் இங்கேதான்.

யோசித்துப் பாருங்கள். ஜல்லி போடுவது திட்டமா? ரயில் ஓடுகிற வரை ஜல்லி நகரும், ஸ்லீப்பர் உடையும், புதர் வளரும். இந்த வேலைக்கு முடிவே இல்லை. அதை ஆறாறு மாதமாக வெட்டி ஒன்பது துண்டு போட்டதால் அது திட்டம் ஆகிவிடாது. ஆனால் 2022 ஏப்ரல் வெள்ளம் ஞாபகம் இருக்கிறதா? டர்பனிலிருந்து கேட்டோ ரிட்ஜ் போகும் பாதை பல இடத்தில் அடித்துக்கொண்டு போனது. அதைச் சீரமைக்க மட்டும் என்று ஒருவரை எடுத்திருந்தால் அது நிஜமான திட்டம்தான். தொடக்கமும் முடிவும் உள்ள வேலை. எனவே ஒன்பது ஒப்பந்தத்தையும் மேசையில் வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றிலும் காரணம் என்று என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 2022 நடுவில் ஒன்றில் வெள்ளச் சீரமைப்பு என்று இருந்து, முன்னும் பின்னும் உள்ளவற்றில் வெறுமே 'பராமரிப்பு' என்றோ ஒன்றுமே இல்லாமலோ இருந்தால், அந்த ஒன்றை அவர்கள் பிடித்துக்கொள்ளட்டும், மற்ற எட்டும் நம் பக்கம். ஒருவேளை எல்லாவற்றிலும் திட்டம் என்றே எழுதி, அது உண்மை என்று நிரூபித்தும் விட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் 24 மாதத்தைத் தாண்டிய திட்ட வேலைக்கு, முடியும்போது ஆண்டுக்கு ஒரு வாரச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். அதைக் கேட்காமல் விட்டவர்கள் நம்மில் நிறைய.

இன்னொரு காரணமும் எழுதுவார்கள்: "எங்களுக்கும் ரயில் நிறுவனத்துக்கும் உள்ள ஒப்பந்தம் முடியும்போது உன் வேலையும் முடியும்." கேட்க நியாயமாகத்தான் இருக்கும். பீட் வெஸ் சிவில்ஸ் என்ற வழக்கில் ஒரு சுரங்கத்தில் இதே மாதிரி எழுதி வைத்திருந்தார்கள். தொழிலாளர் நீதிமன்றமும் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை நியாயமான காரணமாக ஏற்கவில்லை.

அந்த நாலைந்து நாள் இடைவெளியைப் பற்றி அம்மா தனியாகக் கேட்டிருந்தார். சேவை முறிந்ததாகக் காட்டத்தான் அதை வைக்கிறார்கள். இந்தியாவிலும் இதே வித்தைதான். இங்கே 198பி-யே அடுத்தடுத்த ஒப்பந்தங்களைச் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது. அடிப்படை வேலை நிபந்தனைகள் சட்டமும், ஒரே முதலாளியிடம் இடைவெளி ஓர் ஆண்டுக்குக் குறைவாக இருந்தால் பழைய சேவையையும் கூட்டிக்கொள்ளச் சொல்கிறது. ஆகவே அந்த இடைவெளியை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம்.

இந்த இடத்தில் கொஞ்சம் வழி விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தம் முடிந்ததும் மறுபடி கையெழுத்து என்பது நம் சனத்துக்குப் புதிதல்ல. 1860 நவம்பர் 16-ல் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் டர்பனுக்கு வந்து இறங்கியவர்களுக்கு ஐந்தாண்டு ஒப்பந்தம், முதல் வருடம் மாதம் பத்து ஷில்லிங். நேட்டால் அரசு ரயில்வே தோன்றியதும் அதன் மண் வேலையிலும் பாதை வேலையிலும் நம் ஆட்கள் பெருவாரியாக இருந்தார்கள். என் அம்மாவைப் பெற்ற தாத்தாவின் அப்பாவும் அதில் ஒருவர் என்று வீட்டில் சொல்வார்கள். 1895 சட்டம் என்ன சொன்னது? ஒப்பந்தம் முடிந்தால் மறுபடி ஒப்பந்தத்தில் சேர், இல்லையா, கப்பலேறு, அதுவும் இல்லையா, ஆண்டுக்கு மூன்று பவுண்டு வரி கட்டு. 1913 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு, 1914-ல்தான் அந்த வரி ஒழிந்தது. 1924-க்குப் பிறகு 'நாகரிகத் தொழிலாளர்' கொள்கை என்று ஒன்று வந்து, ரயில்வேயின் கீழ்மட்ட வேலைகளிலும் வெள்ளையரைக் கொண்டுவந்து நிரப்பினார்கள். 1987-ல் ஜோஹானஸ்பர்க் சிட்டி டீப்பில் 40 ரேண்டைத் தாமதமாகக் கட்டிய ஒரு டிரைவரை நீக்கப் போய், மூன்று மாத ரயில்வே வேலைநிறுத்தமே நடந்தது. பல ஆயிரம் பேரை வெளியே தள்ளி மறுபடி உள்ளே எடுத்தார்கள். 198பி-யைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மூன்று பவுண்டு வரிதான் ஞாபகம் வரும். சரி, போதும்.

இப்போது மிக முக்கியமான கேள்வி. நிரந்தரம் என்றால் யாரிடம் நிரந்தரம்?

அம்மா நினைப்பது ரயில் வேலை. தமிழில் நிரந்தரம் என்றால் நமக்கு அரசு உத்தியோகம், பென்ஷன், வீட்டுக் கடன், பெண் வீட்டார் முன்னால் நிமிர்ந்த தலை. சட்டத்தில் அது 'கடைசித் தேதி எழுதப்படாத வேலை', அவ்வளவுதான். யாரிடம் என்பது தம்பியை அனுப்பியது லேபர் புரோக்கரா, வேலையைக் குத்தகைக்கு எடுத்த கான்ட்ராக்டரா என்பதைப் பொறுத்தது.

புரோக்கர் ஆள் கொடுப்பவர். அவர் கொடுத்த ஆளை ரயில் நிறுவனத்தின் மேற்பார்வையாளர் வேலை வாங்குவார். கான்ட்ராக்டர் வேலையையே எடுப்பவர். இத்தனை கிலோமீட்டர் பாதையைச் சரிசெய்து கொடுக்கிறேன் என்று மொத்தத் தொகை பேசி, தன் ஆளைத் தன் மேஸ்திரியை வைத்துத் தானே வேலை வாங்குவார். 198ஏ புரோக்கருக்குத்தான். புரோக்கர் மூலம் மூன்று மாதத்தைத் தாண்டி வேலை செய்தவர், லீவில் போனவருக்குப் பதிலாள் போன்ற சில விலக்குகள் தவிர, வாடிக்கையாளர் நிறுவனத்தின் ஊழியராகவே கருதப்படுவார். புரோக்கரும் முதலாளி, ரயில் நிறுவனமும் முதலாளி என்று இரண்டு பேரா, ஒருவர்தானா என்று பெரிய சண்டை நடந்தது. 2018 ஜூலையில் அசைன் சர்வீசஸ் வழக்கில் அரசியலமைப்பு நீதிமன்றம், இந்தச் சட்டத்தைப் பொறுத்தவரை மூன்று மாதத்துக்குப் பிறகு வாடிக்கையாளர் ஒருவரே முதலாளி என்று முடித்து வைத்தது. அதே வேலை செய்யும் நிரந்தர ஆளைவிட மோசமாக நடத்தக் கூடாது என்பதும் கூடவே வருகிறது. பக்கத்தில் நின்று அதே ஸ்லீப்பரைத் தூக்கும் நிரந்தர ஆளின் சம்பளம் என்ன என்று தம்பி தெரிந்துகொள்ளட்டும். தனியாக விவாதிக்க வேண்டிய பணம் அது.

கான்ட்ராக்டர் என்றால் தம்பி நிரந்தரமாவது அந்தக் கான்ட்ராக்டரிடம்தான். அடுத்த டெண்டர் அவருக்குக் கிடைக்காவிட்டால் ஆட்குறைப்பு என்று நோட்டீஸ் வரும். இது வலிக்கும் உண்மை, ஆனாலும் முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்பதை நம்பாதீர்கள். புரோக்கர் தன்னைக் 'சேவை நிறுவனம்' என்று எழுதிக்கொள்வது இப்போது வழக்கமாகிவிட்டது. காலையில் வேலையைப் பிரித்துக் கொடுப்பது யார், லீவு கேட்டால் யார் தலையாட்ட வேண்டும், ஜாக்கும் ஜல்லி முள்ளும் யாருடையவை, பணம் தலைக்கு இவ்வளவு என்று மணிக்கணக்கில் போகிறதா, முடித்த வேலைக்குப் போகிறதா என்று பார்க்க வேண்டும். இவை நான்குக்கும் தம்பி பதில் எழுதிக் கொண்டுவந்தால் பாதி வழக்கு தெரிந்துவிடும்.

யார் என்று உறுதியாகத் தெரியாவிட்டால் படிவத்தில் இரண்டு பேரையும் போடுங்கள். சட்டம் அதற்கு இடம் தருகிறது. ஒருவரை மட்டும் போட்டுவிட்டு, விசாரணை நாளில் "முதலாளி நாங்கள் இல்லை, அவர்கள்" என்று கேட்டு விழித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இனி தேதி. வேலையில் இருந்துகொண்டே "நான் காலவரையறை இல்லாத ஊழியர்" என்று 198டி-யின் கீழ் தகராறு எழுப்ப, அந்தச் செயல் நடந்ததிலிருந்து ஆறு மாதம். நான் பாதுகாப்பாகவே கணக்குப் போடுவேன்: கடைசிக் கையெழுத்து ஜூன் 5 என்றால் டிசம்பர் 5-க்கு முன். வேலையிலிருந்து நிறுத்திவிட்டால், அதாவது நவம்பர் 30-க்குப் பிறகு கூப்பிடாவிட்டால், அது வேலை நீக்கத் தகராறு. அதற்கு 30 நாள்தான். வேலை நாள் இல்லை, நாள்காட்டி நாள். கடைசி நாள் டிசம்பர் 16-க்கும் ஜனவரி 7-க்கும் நடுவே விழுந்தால் அதை விலக்கிக் கணக்கிடும் சலுகை சி.சி.எம்.ஏ. விதிகளில் உண்டு. அதை நம்பிக் கிறிஸ்துமஸ் கொண்டாடிவிட்டுப் போகலாம் என்று மட்டும் இருக்காதீர்கள்.

சில ஆண்டுக்கு முன் ஒரு பிள்ளை என்னிடம் வந்தான். அவனும் பாதை வேலைதான், வேறொரு புரோக்கர். ஒப்பந்தம் முடிந்ததும் மேற்பார்வையாளர், "ரெண்டு வாரம் பொறு தம்பி, நானே கூப்பிடுறேன்" என்றாராம். ரெண்டு வாரம் நாலாச்சு, நாலு எட்டாச்சு. என்னிடம் வந்தது 71-ம் நாள். தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனு போட்டோம். அந்த வாக்குறுதிக்கு எழுத்தில் ஆதாரம் இல்லை, மன்னிப்பு கிடைக்கவில்லை. அவன் வழக்கு உங்கள் மகனுடையதைவிடப் பலமானது. ஐந்தரை ஆண்டுச் சேவை, ஒரு ஒப்பந்தத்தில்கூடக் காரணம் எழுதவில்லை.

நிறுத்திவிட்டால் இன்னொரு பிடியும் இருக்கிறது. 186-ம் பிரிவின்படி, ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் என்று நியாயமாக எதிர்பார்க்க இடம் கொடுத்துவிட்டுப் புதுப்பிக்காமல் விடுவதும் வேலை நீக்கமே. நிரந்தரமாக்குவார்கள் என்ற எதிர்பார்ப்பு இதில் சேருமா என்ற கேள்வியில் 2011-ல் பிரிட்டோரியா பல்கலைக்கழக வழக்கில் தொழிலாளர் மேல்முறையீட்டு நீதிமன்றம் சேராது என்று சொன்னது. அந்த ஓட்டையைத்தான் புதிய திருத்தம் அடைத்தது. எட்டு முறை புதுப்பித்தது எதிர்பார்ப்புக்கு நல்ல சாட்சி. ஒப்பந்தத்தின் அடியில் "எனக்கு எந்த எதிர்பார்ப்பும் இல்லை" என்ற வரியில் தம்பி கையெழுத்துப் போட்டிருப்பான், எல்லோரும் போட்டிருக்கிறார்கள். அது கொஞ்சம் இடிக்கும், ஆனால் 198பி தரும் உரிமையைக் கையெழுத்தால் விட்டுக்கொடுக்க முடியாது.

செய்ய வேண்டியது என்ன? படிவத்தின் எண் 7.11. அதை நிரப்பி, முதலில் எதிர்த்தரப்பினருக்கு மின்னஞ்சலிலோ நேரிலோ கொடுத்து, கொடுத்ததற்கான சான்றோடு சி.சி.எம்.ஏ.யில் தாக்கல் செய்ய வேண்டும். கட்டணம் கிடையாது. முதலில் சமரசப் பேச்சு. அதில் வக்கீல்களுக்கு இடமில்லை, சங்கக்காரர் வரலாம். பேச்சு முறிந்தால் ஒரு சான்றிதழ் தருவார்கள், அதிலிருந்து 90 நாளுக்குள் நடுவர் விசாரணை கேட்க வேண்டும். அந்தத் தீர்ப்பில் குறை இருந்தால் ஆறு வாரத்துக்குள் தொழிலாளர் நீதிமன்றத்தில் மறுஆய்வு. டர்பனிலேயே அந்த நீதிமன்றம் அமர்கிறது. கோர்ட் என்பது இப்படிக் கடைசியில்தான் வருகிறது. வக்கீல் தேவைப்பட்டால் அப்போது பார்ப்போம். ஊரில் 'லேபர் கன்சல்டன்ட்' என்று போர்டு மாட்டி முன்பணம் கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். சமரச அறைக்குள் உங்களுக்காக உட்காரவே உரிமை இல்லாதவர்கள் அவர்கள். ஒரு ரேண்ட் கொடுக்காதீர்கள்.

காகிதம் சேர்ப்பதை இன்றைக்கே தொடங்குங்கள். ஒப்பந்தங்கள், பே ஸ்லிப், வேலைக்குக் கூப்பிட்ட வாட்ஸ்அப் செய்திகள் (தேதி தெரியும்படி), டிப்போவுக்குள் போகும் அட்டை, பூட்ஸும் ஹெல்மெட்டும் கொடுத்தபோது கையெழுத்து வாங்கிய தாள் இருந்தால் அதன் படம். வேலையின்மைக் காப்பீட்டுப் பதிவும் வருமான வரிச் சான்றிதழும் யார் முதலாளி, எந்த நாள் முதல் என்பதைக் காட்டிக்கொடுக்கும். ஒப்பந்த நகலே தரவில்லை என்றால் அதை எழுத்தில் கேட்டு, கேட்டதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

"கேஸ் போட்டால் தூக்கிவிடுவார்களே" என்று அம்மா பயப்படுகிறார். பயம் நியாயம்தான். சட்டம் தந்த உரிமையைக் கேட்டதற்காக நீக்கினால் அது தானாகவே நியாயமற்ற நீக்கம். இழப்பீடு 24 மாதச் சம்பளம் வரை போகலாம், சாதாரண வழக்கில் உச்சவரம்பு 12 மாதம்தான். இது தெரிந்த முதலாளிகள் வாய்விட்டு அப்படிச் சொல்ல மாட்டார்கள், "ஒப்பந்தம் முடிந்தது, நன்றி" என்றுதான் சொல்வார்கள். அதனால்தான் நவம்பர் 30-க்கு முன்பே படிவம் உள்ளே போயிருப்பது நல்லது என்கிறேன். அதற்குப் பிறகு அவர்கள் எது செய்தாலும் அந்தத் தேதிக்கு அப்புறம் செய்ததாகத்தான் நிற்கும்.

ஜெயித்தால் என்ன கிடைக்கும்? கடைசித் தேதி இல்லாத வேலை, சமமான நடத்துதல், நிறுத்தியிருந்தால் மறுபடி வேலையில் சேர்ப்பு. பென்ஷன் நிதி, மருத்துவத் திட்டம் இதெல்லாம் நிரந்தர ஆட்களுக்கு என்ன விதியோ அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஆட்குறைப்பு என்று வந்தால் நிரந்தர ஆளும் போகலாம். ஆனால் கலந்து பேசித்தான் அனுப்ப முடியும், நோட்டீஸும் ஆண்டுக்கு ஒரு வாரச் சம்பளமாவதும் கொடுக்க வேண்டும்.

தம்பிக்குத் தமிழ் படிக்க வராது என்று எழுதியிருந்தீர்கள். பரவாயில்லை, நீங்களே படித்துச் சொல்லுங்கள். வார நாள் காலையில் ஒன்பது ஒப்பந்தத்தையும் எடுத்துக்கொண்டு சங்க அலுவலகத்துக்குப் போகச் சொல்லுங்கள். சங்கத்தில் சேரவில்லை என்றால் நேரே சி.சி.எம்.ஏ.க்கு. படிவம் நிரப்ப அங்கேயே உதவி செய்வார்கள். பத்தாவது ஒப்பந்தத்தை நீட்டினால் கையெழுத்துப் போடட்டும், வேலையை விட வேண்டாம். போடுவதற்கு முன் ஒரு படம் எடுத்துக்கொண்டு, தன் பெயருக்குப் பக்கத்தில் "என் உரிமைகளை விட்டுக்கொடுக்காமல்" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போடட்டும்.